விடுமுறையில் வெளிநாடு சென்று ஆங்கிலம் கற்பிக்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், தாழங்குடாக் கல்வியியற் கல்லூரி மாணவர்களிடமிருந்து வருடந்தோறும் இதே கேள்விகள் வருகின்றன. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இப்படியொரு பரிமாற்றத் திட்டத்தில் போய்வந்தவள் நான். இப்போது மட்டக்களப்பில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தம்பி தங்கைகளின் விண்ணப்பங்களை வாசித்துத் திருத்திக் கொடுக்கிறேன். ஒரே பதிலை வட்ஸ்அப்பில் ஆளாளுக்குக் குரல்பதிவாக அனுப்பித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது வேலையா, படிப்பா, சுற்றுலாவா?

வேலை அல்ல, ஏனென்றால் சம்பளம் இல்லை. படிப்பும் அல்ல, ஏனென்றால் பெரும்பாலான திட்டங்களில் உங்கள் பட்டத்துக்குப் புள்ளி சேராது. விடுமுறைக் காலத்தில் சில வாரங்கள் வேறொரு நாட்டில் தங்கி, அங்குள்ள பாடசாலையிலோ கோடை முகாமிலோ சமூக நிலையத்திலோ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறீர்கள். தங்க இடமும் ஒரு வேளையோ இரண்டு வேளையோ சாப்பாடும் அவர்கள் தருவார்கள். விமான டிக்கெட், விசா, காப்புறுதி, கைச்செலவு உங்களுடையவை.

இவற்றை நடத்துவோர் மூன்று வகை. 1948 இல் தொடங்கிய ஐசெக் போன்ற மாணவர் அமைப்புகள் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத் திட்டங்களாக நடத்துகின்றன. பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து மாணவர்களை மாற்றிக்கொள்வதும் உண்டு. இது நல்ல வழி, ஆனால் இடங்கள் மிகக் குறைவு. மூன்றாவது, பணம் வாங்கிக்கொண்டு அனுப்பும் தனியார் நிறுவனங்கள். அவர்களின் விளம்பரத்தில் கடற்கரைப் படம் பத்தும் பாடசாலையின் பெயர் ஒன்றுகூட இல்லாமலும் இருந்தால் அது சுற்றுலாதான். சுற்றுலா போவதில் தவறில்லை. அதைத் தொண்டு என்று பெயர் சூட்டி இரட்டிப்பு விலைக்கு வாங்க வேண்டாம்.

நமக்குக் கோடை விடுமுறை என்று ஒன்றே இல்லையே?

இல்லை. இதுதான் நம்மவர்களுக்கு முதல் சிக்கல். நமக்குக் கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் வடக்கு நாடுகளின் கோடை. துருக்கியில் ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் இரண்டாம் வாரமளவு வரை பாடசாலை விடுமுறை. போலந்தில் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை. வியட்நாமில் செப்டெம்பர் 5 அன்று புதிய கல்வியாண்டு திறக்கிறது. அதற்கு முந்திய மூன்று மாதங்கள் கோடை வகுப்புகளின் காலம். தாய்லாந்தில் கதை வேறு. அங்கே மே நடுப்பகுதியிலேயே பாடசாலை தொடங்கிவிடுவதால் ஜூனில் போகிறவர் முகாமுக்கு அல்ல, வழமையான வகுப்பறைக்கே போவார்.

நம் பக்கத்தில் பருவ விடுமுறை எப்போது வரும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. 2024 இல் கல்விசாரா ஊழியர்களின் பணிப்புறக்கணிப்பு இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்து எல்லாருடைய நாட்காட்டியையும் புரட்டிப் போட்டது. ஆகவே பரீட்சைத் திகதி எழுத்தில் வெளிவரும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். பருவத்தின் நடுவில் போய்விட்டு வருகைப் பதிவு 80 சதவீதத்துக்குக் கீழே விழுந்தால் பரீட்சை மண்டப வாசலில் நின்று அழவேண்டி வரும். முதலாம் வருட மாணவர்கள் பொறுத்திருங்கள். இரண்டாம், மூன்றாம் வருடங்கள் சரியான காலம்.

ஆங்கிலம் என் தாய்மொழி அல்ல. என்னை எடுப்பார்களா?

சம்பளம் தரும் வேலைகளில் சில நாடுகளின் கதவு நமக்குச் சட்டப்படியே மூடியிருக்கிறது. தென் கொரியாவின் அரச பாடசாலைத் திட்டம் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற ஒருசில நாடுகளின் குடிமக்களைத்தான் எடுக்கிறது. சீனாவில் ஆங்கில ஆசிரியருக்கான வேலை அனுமதிக்கும் இதே பார்வைதான். அங்கெல்லாம் உங்கள் திறமையைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்து முடித்துவிடுவார்கள். எனக்கு இது இன்றும் எரிச்சல்தான்.

மாணவர் பரிமாற்றத் திட்டங்களில் நிலைமை நல்லது. அவர்கள் தேடுவது பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பழகக்கூடிய, வேற்று நாட்டு இளைஞர் ஒருவரை. எகிப்திய மாணவர் வியட்நாமுக்குப் போகிறார், இந்தோனேசிய மாணவி போலந்துக்குப் போகிறார். மட்டக்களப்பு மாணவி துருக்கிக்குப் போவதில் அதிசயம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்ணப்பக் கடிதங்களில் நம் பிள்ளைகள் எல்லாரும் இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தொடங்குகிறார்கள்: 'ஆங்கிலம் என் இரண்டாம் மொழியாக இருந்தாலும்...' அந்த வரியை நான் தவறாமல் வெட்டிவிடுவேன். நீங்கள் மூன்றாம் வகுப்பில் பாடநூலைத் திறந்து, வீட்டில் ஒருவரும் பேசாத ஒரு மொழியைச் சொல் சொல்லாகச் சேர்த்துக் கற்றவர். எந்த இடத்தில் பிள்ளைக்குத் தடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதே இடத்தில் உங்களுக்கும் தடுத்தது. 'பஸ்', 'பேப்பர்' இரண்டையும் ஒரே 'ப'வில் எழுதுகிறவர்கள் நாம். அரபு மொழியில் 'பேப்பர்' என்பதன் முதல் ஒலி இல்லாததால் எகிப்தியப் பிள்ளை அதை 'பஸ்'ஸின் முதல் ஒலியோடு சொல்லும். இலண்டனில் பிறந்தவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். நீங்கள் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து, காற்று படுகிறதா இல்லையா என்று காட்டிக் கொடுப்பீர்கள்; உங்கள் ஆங்கில ஆசிரியை உங்களுக்கு அப்படித்தான் காட்டியிருப்பார்.

துருக்கி மொழி இன்னும் வேடிக்கை. அங்கே வினைச்சொல் நம்மைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வரும். விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும். 'எவ்' வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெர்தெ' வீடுகளில். அந்தப் பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்தை ஏன் தலைகீழாகக் கட்டுகிறார்கள் என்று தமிழ் பேசுகிறவருக்கு விளக்கவே தேவையில்லை.

எனக்கே ஆங்கிலம் தடுமாறுகிறது. எந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்?

பத்து நிமிட வீடியோ நேர்காணலைத் தாங்கினால் போதும். நேர்காணலில் இலக்கணம் பார்ப்பதில்லை. கேட்ட கேள்வி புரிந்ததா, புரியாவிட்டால் திருப்பிக் கேட்கத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். விஞ்ஞானம், முகாமைத்துவம், மருத்துவம் என்று ஆங்கில மொழிமூலம் படிப்பவர்களைவிடக் கலைப்பீடத்துப் பிள்ளைகள் பிள்ளைகளோடு பேசுவதில் கெட்டிக்காரர்களாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கணக்கியல் பாடத்தை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவருக்கு 'மூக்கைச் சீந்திவிட்டு வா' என்று சொல்லத் தெரிவதில்லை.

ஆனால் தொடர்ந்து நான்கு வாக்கியம் பேச முடியாதவர் போகக்கூடாது. கூச்சத்தால் வாய் திறக்காதவருக்கும் மொழியே தெரியாதவருக்கும் வேறுபாடு உண்டு. அது எது என்று உங்களுக்கே தெரியும்.

120 மணிநேரக் கற்பித்தல் சான்றிதழ் வேண்டுமா?

மாணவர் திட்டங்களில் பெரும்பாலும் கேட்பதில்லை. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சான்றிதழ்கள் வாசித்துவிட்டுக் குறி போடும் வகை. ஒரு பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் முடித்துவிடலாம். ஐஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையை இதற்காகவே எழுதத் தேவையில்லை. அதன் பெறுபேறு இரண்டு வருடங்களுக்குத்தான் செல்லும் என்பதால் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் நேரத்துக்கு அந்தப் பணத்தை வைத்திருங்கள்.

பிறகு என்ன தயாரிப்பு?

இங்கே கற்பியுங்கள். போவதற்கு முன், இங்கே. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

பாடசாலை விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் வருகிறது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போங்கள். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் ஆங்கில ஆசிரியர் நிலைத்து நிற்காத பாடசாலைகள் உண்டு. நகரத்திலிருந்து வாவியைக் கடந்து போய்வரும் தூரத்தையே காரணம் காட்டி மாற்றம் கேட்டுப் போய்விடுகிறார்கள். அம்பாறைப் பக்கத்து மாணவர்கள் திருக்கோவில், பொத்துவில் ஊர்களின் உட்பகுதிகளைப் பார்க்கலாம். அதிபரிடம் போய், 'சேர், விடுமுறையில் காலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன்' என்று கேளுங்கள். எழுத்தில் அனுமதி தேவை என்பார். வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அறநெறிப் பாடசாலை, மத்ரசா, தேவாலய மண்டபம், கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடம் எதுவானாலும் சரி.

அங்கே இரண்டு வாரம் நின்றால் மூன்று காரியம் தெரிந்துவிடும். முதலாவது, வெயில் ஏறிய பிறகு பிள்ளைகளை எப்படி விழிப்பாக வைத்திருப்பது. இரண்டாவது, ஆயத்தப்படுத்திய பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டால் மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது. மூன்றாவதுதான் முக்கியம்: இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா. பிடிக்கவில்லை என்று வெல்லாவெளியில் தெரிந்துகொண்டால் செலவு பஸ் காசு மட்டும். இஸ்தான்புல்லில் தெரிந்துகொண்டால் கணக்கு வேறு.

விண்ணப்பத்திலும் அது நிற்கும். 'உலகை மாற்ற விரும்புகிறேன்' என்று எழுதியவர்கள் ஆயிரம் பேர். 'ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்கு வாரம் கடைக்காரர், வாங்குபவர் விளையாட்டு நடத்தினேன். முதல் வாரம் யாரும் விலை கேட்கவில்லை, மூன்றாம் வாரம் பேரம் பேசினார்கள்' என்று எழுதுபவர் ஒருவர்தான். நேர்காணல் செய்கிறவர் அவரிடம்தான் அடுத்த கேள்வி கேட்பார்.

எவ்வளவு பணம் முடியும்?

நாடு, பருவம், டொலர் விலை மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் அந்த வருடம் மே மாதத்தில் 360 வரை ஏறியதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே சென்ற வருடம் போன அக்கா சொன்ன தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பெரிய செலவு விமான டிக்கெட். அடுத்தது திட்டக் கட்டணம். பிறகு விசா, காப்புறுதி, கொழும்புக்கு இரண்டு மூன்று பயணம். இந்தக் கொழும்புப் பயணத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கைரேகை கொடுக்க நேரில் போகவேண்டும், ஆவணம் உறுதிப்படுத்தப் போகவேண்டும், சில வேளை நேர்காணலுக்கும் போகவேண்டும். இரவு பஸ்ஸில் ஏறி விடிய இறங்கி, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் முகம் கழுவி, வேலை முடித்து அன்றிரவே திரும்பினாலும் ஒவ்வொரு முறையும் ஆயிரங்கள் கரையும்.

மகாபொல உதவித்தொகை 2025 இல் மாதம் 7,500 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் பத்து மாதப் பணத்தைத் தொடாமல் வைத்தாலும் 75,000 தான் சேரும். அது டிக்கெட்டுக்கே போதாது. ஆகவே வீட்டு உதவியோ, பகுதிநேர வகுப்போ, நலன்விரும்பி யாராவதோ இல்லாமல் முடியாது. பழைய மாணவர் சங்கங்களிடம் கேளுங்கள்; நம் ஊர்ப் பாடசாலைகளின் சங்கங்களுக்கு இலண்டனிலும் டொரொன்டோவிலும் கிளைகள் உண்டு. கேட்கும்போது செலவுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கணக்குக் காட்டுகிறவருக்குக் கொடுக்க மனம் வரும்.

அம்மாவின் நகையை ஈடு வைத்துப் போகலாமா?

கூடாது. பட்டம் பெற, மருந்து வாங்க, வயல் விதைக்க ஈடு வைக்கலாம். சம்பளம் இல்லாத ஆறு வாரத்துக்கு வைத்தால் மீட்பது யார்? பணம் சேரவில்லையென்றால் அடுத்த வருடம் போகலாம். அல்லது நேபாளம் போன்ற பக்கத்து நாட்டைப் பாருங்கள். நம்மைப் போன்ற சார்க் நாட்டவருக்கு அங்கே வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம். ஆனால் அதுவும் சுற்றுலா விசாதான்; அடுத்த பதிலையும் வாசியுங்கள். செலவும் நமக்குக் கட்டுப்படியாகும்.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொல்ல முடியாத விடயம் இது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: சுற்றுலா விசா கிடைப்பது எளிது என்பதற்காக அதில் போய்க் கற்பிக்கலாம் என்று பொருளில்லை. வியட்நாம் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை இணைய விசா தருகிறது. அது உள்ளே நுழைய உதவும்; வகுப்பறையில் நிற்க உரிமை தராது. சம்பளம் வாங்கவில்லையே என்பது பல நாடுகளில் பதிலாகாது. எந்த வகை விசா என்பதை அழைக்கும் நிறுவனம் எழுத்தில் தரவேண்டும். பிறகு தூதரகத்திலும் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். 'சுற்றுலா என்று சொல்லிவிடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்' என்று சொல்லும் திட்டத்தை அந்த வரியோடு விட்டுவிடுங்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள். அடுத்த பத்து விண்ணப்பங்களில் அதை எழுதவேண்டியதும் நீங்கள்.

போலந்து போன்ற ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) என்றால் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முதல் வாரம் திடீரென்று பெருந்தொகை விழுந்தால் அதிகாரி கேள்வி கேட்பார். மாமாவிடம் இரண்டு நாளுக்குக் கைமாற்று வாங்கிப் போட்டது அறிக்கையில் அப்படியே தெரியும். எந்த நாட்டுக்குப் போனாலும் கடவுச்சீட்டு, திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக இருந்தால் பாதுகாப்பு. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி, பெயரின் எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெயர்களை மூன்று அலுவலகம் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கும்.

பேஸ்புக்கில் 'ஆங்கில ஆசிரியர் தேவை, மாதம் 1,500 டொலர், விசா இலவசம்' என்று வந்தது. உண்மையா?

பட்டம் முடிக்காத மாணவருக்கு, அனுபவம் கேட்காமல், நேர்காணல் வைக்காமல், டிக்கெட்டும் அனுப்பி அழைக்கிறவர் எதற்காக அழைக்கிறார்? தாய்லாந்து வழியாக மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கை இளைஞர்களைப் பற்றி 2023, 2024 இல் செய்திகளில் வாசித்திருப்பீர்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது கணினி வேலை, நல்ல சம்பளம். ஆசிரியர் வேலை என்று சொல்லவும் அதே வாய்தான்.

பாடசாலையின் பெயரைக் கேளுங்கள். அந்தப் பாடசாலையை நீங்களாகவே தேடி, அதன் சொந்தத் தொலைபேசியில் பேசுங்கள். சென்ற வருடம் போன இருவரோடு வீடியோவில் பேசவேண்டும் என்று கேளுங்கள். எழுதி அனுப்பிய பாராட்டுரை கணக்கில் வராது. கடவுச்சீட்டை யாரிடமும் 'பாதுகாப்புக்காக' ஒப்படைக்காதீர்கள்.

வீட்டில் விடமாட்டார்கள். பெண் பிள்ளை தனியே போவதா என்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகள் பலர் ஏற்கெனவே கொழும்பிலோ பேராதனையிலோ விடுதியில் தனியே இருந்து படிப்பவர்கள். ஆனாலும் அம்மாவின் பயத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளாதீர்கள். அவர் கேட்பது 'யார் வீட்டில், யாரோடு, எந்தக் கதவுக்கு உள்ளே பூட்டு' என்பதைத்தான். பதில் இருந்தால் கொடுங்கள். தங்கப்போகும் குடும்பத்தோடு அம்மாவை ஒருமுறை வீடியோவில் பேச வையுங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த வீட்டு அம்மாவின் முகத்தையும் பின்னால் தெரியும் குசினியையும் பார்த்தாலே பாதி முடிவாகிவிடும். எங்கள் ஊர் அம்மாக்கள் குசினியை வைத்தே ஆளை எடைபோடுவார்கள், பெரும்பாலும் சரியாகவே.

அப்பாவிடம் வேறு பாதை. காரைதீவில் பிறந்து மட்டக்களப்பில் ஆங்கிலம் படித்த சுவாமி விபுலாநந்தர் 1931 இல் கடல் கடந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகப் போனவர் என்று ஒரு தந்தையிடம் சொன்னேன். 'அவர் துறவி, இவள் என் மகள்' என்றார். நியாயமான பதில். கடைசியில் அந்தத் தந்தையை இணங்க வைத்தது, அதே திட்டத்தில் இன்னொரு மட்டக்களப்புப் பிள்ளையும் போகிறாள் என்ற செய்தி. முடிந்தால் இரண்டு பேராக விண்ணப்பியுங்கள். இருவரும் ஒரே அறையில் இருந்து நாள் முழுதும் தமிழில் பேசிக்கொண்டிருக்கும் ஆபத்து உண்டு. அதை அங்கே போய்ச் சமாளிக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வீட்டுக்குத் தெரியாமல் விசா எடுத்து வைத்துவிட்டுக் கடைசி வாரம் சொல்வது.

சாப்பாடு, தொழுகை, சைவம்?

விண்ணப்பத்தில் எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம். துருக்கி, எகிப்து, இந்தோனேசியா போன்ற நாடுகளில் ஹலால் பற்றிக் கவலையில்லை. வியட்நாமில் 'சைவம்' என்று சொன்ன பிறகும் மீன் சாறு கறிக்குள் இருக்கும், தனியாகக் கேட்க வேண்டும். சோற்றுக்கு ஏங்குவீர்கள். மாசிச் சம்பல் ஒரு போத்தல் கொண்டுபோக எண்ணினால், அந்த நாட்டுச் சுங்க விதிகளை முன்கூட்டியே பாருங்கள்.

விருந்தினரைப் பாயோடு ஒட்டவைக்கும் ஊர் என்று நம்மைச் சொல்வார்கள். அங்கே பாயில் இருப்பது நீங்கள். வைத்ததைக் கொஞ்சமாவது ருசி பாருங்கள். மூன்றாம் முறையும் வைக்க வந்தால் எப்படி மறுப்பது என்பதை முதல் நாளே படித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வகுப்பில் என்ன செய்வது? எனக்கு அவர்களின் மொழி தெரியாது.

புன்னகையோடு போய் 'என் பெயர் இன்னது, உன் பெயர் என்ன' என்று தொடங்காதீர்கள். வருடந்தோறும் ஒரு வெளிநாட்டு மாணவர் வந்து அதையே கேட்டுவிட்டுப் போயிருப்பார். அந்தப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம்.

கையால் தொடங்குங்கள். 'எழும்பு, இரு, கதவைத் தொடு, சிவப்பு நிறத்தைத் தொடு' என்று ஆங்கிலத்தில் சொல்லி நீங்களும் செய்யுங்கள். பிள்ளை பேச வேண்டியதில்லை, கேட்டுச் செய்தால் போதும். சொல் காதில் ஊறிய பிறகு வாய் தானாகத் திறக்கும். நம் பாடசாலைகளில் முதலாம், இரண்டாம் வகுப்புகளுக்குச் செயற்பாட்டு அடிப்படையில் வாய்மொழி ஆங்கிலம் பழக்குவது இந்த வழியில்தான். தம்பி தங்கையின் வகுப்பை ஒருநாள் எட்டிப் பாருங்கள், இலவசப் பயிற்சி.

எண்களுக்கு நம்மிடம் வசந்தன் கூத்து இருக்கிறது. ஆளுக்கு இரண்டு கோல். இல்லாவிட்டால் சுருட்டிய பத்திரிகைத் தாள். வட்டமாக நின்று ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டே தட்ட வேண்டும். பிழைத்தால் முதலிலிருந்து. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் இது நடக்கும், புரொஜெக்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். திட்டங்களில் கலாசார நாள் என்று ஒன்று வைத்து ஒவ்வொரு நாட்டவரையும் மேடையேற்றுவார்கள். அன்றைக்குப் புடைவை கட்டி நின்று கைகூப்புவதைவிட, பிள்ளைகளையே ஆடவைப்பது எவ்வளவோ மேல்.

இரண்டாம் வாரத்திலிருந்து அவர்களின் ஊரை வைத்துப் பாடம் செய்யுங்கள். சந்தைக்குப் போய்ப் படம் எடுத்து வந்து விலை கேட்க வையுங்கள். உங்கள் ஊரையும் கொண்டுபோங்கள்: கல்லடிப் பாலம், வாவி, பாசிக்குடா, வயலில் இறங்கிய யானை. யானைப் படத்தைக் காட்டினால் கேள்வி கேட்காத பிள்ளை உலகத்தில் இல்லை. அவர்கள் கேள்வி கேட்கத்தானே நீங்கள் போயிருக்கிறீர்கள்.

வாயில் வந்த ஒவ்வொரு பிழையையும் திருத்தாதீர்கள். கை நீட்டி அடிக்கவே கூடாது, விளையாட்டாகத் தலையில் குட்டவும் கூடாது. தாய்லாந்தில் பிள்ளையின் தலையைத் தொடுவதே மரியாதைக்கேடு. பிரம்போடு வளர்ந்த நமக்குச் சத்தம் கூடினால் கை தானாக மேசையைத் தட்டப் போகும். அதை அடக்கவும் இங்கேயே பழகிவிட்டுப் போங்கள்.

ஆறு வாரத்தில் ஒரு பிள்ளைக்கு என்ன ஆங்கிலம் வந்துவிடப் போகிறது?

பெரிதாக எதுவும் வராது. இதை நேர்மையாகச் சொல்லாத திட்டங்கள்மேல் எனக்கு மதிப்பில்லை. ஒரு மொழி வருடக்கணக்கில் வருவது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய முகம் வந்து, பிள்ளை ஒட்டிக்கொண்டதும் விமானம் ஏறிப் போவதில் பிள்ளைக்கு நட்டமும் உண்டு. அநாதை இல்லங்களில் இது இன்னும் மோசம். அங்கே அனுப்பும் குறுங்காலத் திட்டங்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

ஆனால் நம் ஊரையே பாருங்கள். மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்தார். 1815 இல் இறந்துவிட்டார். ஒரு முழு வருடம்கூட அவர் இங்கே இருக்கவில்லை. அவர் தொடங்கிய பாடசாலை இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரி. அவருடைய நோக்கம் மதம் பரப்புவதாக இருந்தது, அது வேறு விவாதம். நான் கவனிப்பது, அவருக்குப் பின் வந்தவர்கள் அதே வேலையைத் தொடர்ந்ததால்தான் அந்தச் சில மாதங்கள் வீணாகவில்லை என்பதை. ஆகவே திட்டத்தைத் தெரிவுசெய்யும்போது கேட்கவேண்டிய கேள்வி இது: நான் போன பிறகு அந்த வகுப்பு யார் கையில்? உள்ளூர் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் கூடவே நின்றால் நல்ல திட்டம். நீங்கள் செய்த விளையாட்டுகள், பட அட்டைகள், எந்தப் பிள்ளை எங்கே தடுக்கினாள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆறு வாரத்தில் நடக்கக்கூடியது ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒரு அந்நியரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கலாம் என்ற தைரியம் சில பிள்ளைகளுக்கு வரும். உங்களுக்கும் வரும், அவர்களைவிட அதிகமாகவே.

பிள்ளைகளின் படங்களைப் பேஸ்புக்கில் போடலாமா?

பெற்றோரும் பாடசாலையும் அனுமதிக்காமல் போடக்கூடாது. உங்கள் தங்கையின் படத்தை ஊர் பெயர் தெரியாத ஒருவர் தன் பக்கத்தில் போட்டு 'ஏழைக் குழந்தையின் புன்னகை' என்று எழுதினால் எப்படியிருக்கும்?

இது வேலை எடுக்க உதவுமா?

அரச ஆசிரியர் நியமனத்துக்கு இதனால் நேரடிப் பயன் எதுவும் இல்லை. தனியார் பாடசாலை, அரச சார்பற்ற நிறுவனம், சுற்றுலாத் துறை போன்றவற்றின் நேர்முகத்தில் பேச ஒரு விடயம் கிடைக்கும். வெளிநாட்டு முதுகலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கு, உங்களை மேற்பார்வை செய்தவரின் பரிந்துரைக் கடிதம் பயன்படும். அதைத் திரும்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். வந்த பிறகு மின்னஞ்சலுக்குப் பதில் வராது.

அங்கே கொடுக்க என்ன பரிசு கொண்டுபோகலாம்?

மருதமுனைக் கைத்தறியில் ஒரு சாரமோ மேசைத் துணியோ போதும். பாரமில்லை, உடையாது, எங்கே நெய்தது என்று சொல்லவும் கதை இருக்கிறது. பிள்ளைகளுக்கு நம் நாணயங்கள், முத்திரைகள், வாவியின் படம் போட்ட அஞ்சலட்டைகள்.

மட்டக்களப்புத் தயிர்?

வருடம் தவறாமல் ஒருவராவது கேட்கிறார். இல்லை. கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள், பெட்டியில் போட்டால் சட்டி உடையும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பயணிகள் பால் பொருட்களைக் கொண்டுபோகவே தடை. தயிரைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வழியில் சாப்பிட்டுவிடுங்கள்.